26-ஆல் வகுப்பதா, 30-ஆல் வகுப்பதா?

குறைந்தபட்ச ஊதியத்தை அரசு உயர்த்த வேண்டுமா என்று கேட்டால் என் பதில் ஒரே சொல்: வேண்டும். 2017-இல் மத்திய அரசின் தேசியத் தரைமட்ட ஊதியம் (நாடு முழுவதற்கும் பொதுவான அடிமட்ட அளவு) நாளொன்றுக்கு 176 ரூபாய். 2019-இல் அது 178 ஆனது. இரண்டு ஆண்டில் இரண்டு ரூபாய், ஒரு டீக்குக்கூடக் காணாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2019 ஜனவரியில்தான் அனூப் சத்பதி தலைமையில் அரசே அமைத்த நிபுணர் குழு 375 ரூபாய், அதாவது மாதம் 9,750 ரூபாய் என்று பரிந்துரை கொடுத்திருந்தது.

ஆகவே உயர்த்துவதா வேண்டாமா என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உயர்த்திய தொகை எந்தக் கணக்கில் பிறக்கிறது, தொழிலாளியின் கைக்கு வருவதற்குள் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்பதைத்தான் நாம் பேசுவதே இல்லை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் போட்டுப் பார்க்கலாம்.

சூத்திரம் 1957-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கணக்கிட்டது: சம்பாதிக்கும் ஆண் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலைக்கு 0.6. வயதான அப்பா அம்மாவுக்கு இதில் இடம் கிடையாது. மனைவி வேலைக்குப் போனாலும் 0.8-தான். அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நாலு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் வாங்கும் வாடகை, எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுக்கு 20 சதவீதம். பிறகு 1991-இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்த்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் அந்நிறுவனத்தின் சென்னை ஆலைத் தொழிலாளர்கள்.

சத்பதி குழு இதைச் சற்று மாற்றியது. அலகை 3.6 ஆக்கிவிட்டு, கலோரியை 2,400-க்குக் குறைத்தது. பழைய கணக்கில் குடும்பத்துக்கு நாளுக்கு 8,100 கலோரி, புதியதில் 8,640. கூடவே 50 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு என்றும் சேர்த்தார்கள். வெறும் சோற்றால் கலோரியை நிரப்பிக் கணக்குக் காட்ட முடியாது என்பதால் இது நல்ல மாற்றம்.

இனி அந்த 20-க்கும் 25-க்கும் வருவோம். பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. இந்தச் சதவீதங்கள் மொத்த ஊதியத்தின் சதவீதங்கள். உணவு, துணி, வாடகை மூன்றையும் கூட்டி, அதன் மேல் 45 சதவீதம் வைப்பது தவறு. அந்த மூன்றும் சேர்ந்து மொத்தத்தில் 55 சதவீதம், ஆகவே 0.55-ஆல் வகுக்க வேண்டும். கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்கிறேன். அலகுக்கு ஒரு நாள் உணவு 80 ரூபாய் என்றால், 3 அலகு, 30 நாள், 7,200. மத்திய அரசின் 2020 வரைவு விதிகள் துணியை 66 மீட்டர் என்கின்றன. மீட்டர் 150 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 9,900, மாதத்துக்கு 825. வாடகை இந்த இரண்டின் கூட்டுத்தொகையில் 10 சதவீதம் என்பதும் அதே வரைவில் உள்ளதுதான்: 802 ரூபாய் 50 காசு. மூன்றும் சேர்த்து 8,827.50.

இதை 0.55-ஆல் வகுத்தால் 16,050. மேலே 45 சதவீதம் வைத்தால் 12,800. விலையில் யாரும் கை வைக்கவில்லை, கலோரியில் கை வைக்கவில்லை; ஒரு வகுத்தல் கூட்டலானதில் மாதம் 3,250 ரூபாய் காணாமல் போகிறது. ஊதியக் குழுவில் உட்காரும் தொழிற்சங்கப் பிரதிநிதி கால்குலேட்டரில் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது இதைத்தான். (10 சதவீத வாடகை என்பதே ஒரு கொடுமை. 802 ரூபாய்க்குச் சென்னையில் வீடு கிடையாது, மாடிப்படிக்கு அடியில் இடம் கிடைத்தால் பெரிது. சத்பதி குழு நகரத்துக்கு 1,430 ரூபாய் வரை தனி வீட்டுப்படி சொன்னது, அதுவும் போதாது.)

அடுத்தது பஞ்சப்படி. அரசாணைகள் அகவிலைப்படி என்று எழுதினாலும் மில் வாசலில் அதற்குப் பெயர் பஞ்சப்படிதான். தமிழ்நாட்டில் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் (விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்) ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, ஏப்ரல் 1 முதல் புதிய பஞ்சப்படி வரும். அடிப்படை ஆண்டின் குறியீட்டெண்ணுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் என்று அரசின் ஊதிய அறிவிக்கையிலேயே இருக்கும்.

அந்த 'இத்தனை ரூபாய்' போதுமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அடிப்படை ஊதியத்தை அடிப்படைக் குறியீட்டெண்ணால் வகுத்துப் பாருங்கள். அடிப்படை 13,000, குறியீட்டெண் 200 என்று வைத்துக்கொண்டால் விடை 65. புள்ளிக்கு 65 ரூபாய் கொடுத்தால்தான் விலை ஏறும் அளவுக்குச் சம்பளமும் ஏறும். அறிவிக்கையில் 30 ரூபாய் என்று இருந்தால்? விலை 10 சதவீதம் ஏறுகிறது, அதாவது 20 புள்ளி. வர வேண்டியது 1,300, வருவது 600. ஆண்டுதோறும் பஞ்சப்படி உயர்கிறது என்று செய்தி வரும், ஆண்டுதோறும் உண்மையான சம்பளம் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல், 2020 செப்டம்பரில் தொழிலாளருக்கான இந்தக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2001-இலிருந்து 2016-க்கு மாறியது. புதிய எண்ணைப் பழைய தொடருக்கு மாற்ற இணைப்புக் காரணியால் பெருக்க வேண்டும். அகில இந்திய எண்ணுக்கு அது 2.88. ஒவ்வொரு நகரத்துக்கும் தனிக் காரணி உண்டு. சென்னை எண்ணை அகில இந்தியக் காரணியால் பெருக்கிச் சம்பளப் பட்டியல் போட்டால் அந்த ஆண்டு முழுவதும் பிழைதான்.

சரி, தொகை வந்துவிட்டது. மாதம் 13,000 என்றே வைத்துக்கொள்வோம். நாள் கூலி எவ்வளவு? 26-ஆல் வகுக்க வேண்டும்: 500 ரூபாய். வார விடுமுறை நாலு நாளின் கூலியும் அந்த 26 நாள் உழைப்புக்குள் அடக்கம் என்பதே இதன் பொருள். 30-ஆல் வகுத்தால் 433 ரூபாய் 33 காசு வரும். 26 நாள் வேலை செய்தவருக்கு 11,267 ரூபாய்தான் கிடைக்கும், 1,733 ரூபாய் போச்சு. தினக்கூலிக்கு 30-ஆல் வகுக்கும் அதே அலுவலகம், மாதச் சம்பளக்காரர் ஒரு நாள் வராவிட்டால் பிடித்தம் செய்ய 26-ஆல் வகுப்பதையும் பார்க்கலாம். கணக்குத் தெரியாமல் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாள் கூலியை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு, 125. இதைச் செக்யூரிட்டி வேலைக்குப் பொருத்திப் பாருங்கள். 12 மணி நேர டியூட்டி. 8 மணிக்கு 500, மீதி 4 மணிக்கு 4 × 125 = 500. ஆக ஒரு டியூட்டிக்கு 1,000 வர வேண்டும். கிடைப்பது ஒரு நாள் கூலி 500 மட்டும் என்றால், அரசு நிர்ணயித்த ஊதியம் தாளில் அப்படியே இருக்கிறது, ஆள் பாதிக் கூலிக்கு நிற்கிறார். திருப்பூரில் இதற்கு ஒன்றரை ஷிப்ட் என்ற அழகான பெயர் உண்டு. 12 மணி நேரம் உழைத்துவிட்டு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட் கூலி. சட்டக் கணக்குப்படி அது இரண்டு ஷிப்ட். அந்த அரை ஷிப்ட் எங்கே போனது என்று கேட்பவர் குறைவு, ஏனென்றால் ஊரே அப்படித்தான் கணக்குப் போடுகிறது. ஊதியத்தை 10 சதவீதம் உயர்த்தச் சொல்லி நடக்கும் போராட்டத்தைவிட, இந்த அரை ஷிப்டைக் கேட்கும் போராட்டம் அதிகப் பணம் தரும்.

பிடித்தங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 13,000-க்குத் தொழிலாளியின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கு 0.75 சதவீதம், சுமார் 98. கைக்கு 11,342 வர வேண்டும். பி.எஃப்.-இல் முதலாளி கட்ட வேண்டியது நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதம், 1,690. இதையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்துவிட்டு 'எல்லாம் சேர்த்துத்தான் பேசினோம்' என்று சொல்லும் கான்ட்ராக்டர்கள் உண்டு. பேசியிருந்தாலும் செல்லாது, குறைந்தபட்ச ஊதிய உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. சம்பளச் சீட்டில் பி.எஃப். வரிசையில் 25 சதவீதம் கழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஊதியத்தை உயர்த்துவதால் வரும் ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. இ.எஸ்.ஐ.-க்கு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் உச்சவரம்பு. மத்திய அரசு வரம்பிலுள்ள கட்டட வேலைக்கு 2024 அக்டோபர் 1 அன்று வந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம்: 'ஏ' பகுதியில் (பெருநகரங்கள்) தேர்ச்சி பெறாதவருக்கு நாளுக்கு 783 ரூபாய், மாதம் 20,358. அரைத் தேர்ச்சி பெற்றவருக்கு 868, மாதம் 22,568. அந்தக் கணக்கில் முதல் ஆளுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, இரண்டாயிரம் கூட வாங்கும் இரண்டாவது ஆளுக்கு, அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும், கிடையாது. ஒரு ஆபரேஷன் செலவில் அந்தக் கூடுதல் பணம் பத்து ஆண்டுக்கும் சேர்த்துப் போய்விடும். ஊதியத்துக்குப் பஞ்சப்படி வைத்தவர்கள் உச்சவரம்புக்கு வைக்கவில்லை. இரண்டையும் ஒரே குறியீட்டெண்ணில் கட்டிவிட்டால் தீரும் வேலை இது.

செய்த அளவுக்குக் கூலி என்ற பீஸ் ரேட் வேலையில் ஏமாற்று வேறு வடிவம் எடுக்கும். நாள் கூலியை உயர்த்தினால், அந்த நாளில் முடிக்க வேண்டிய அளவும் சத்தமில்லாமல் உயரும். இலங்கை மலையகத்தில் இது வெளிப்படையாகவே நடந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டப் படி. பல தோட்டங்களில் உடனே பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கூடியது, எட்டாதவருக்கு அரைநாள் பெயர் (அரைநாள் வருகை) விழுந்தது, வேலை நாள்களும் குறைந்தன. சங்கம் வென்ற தொகையைத் தராசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகவே பீஸ் ரேட் உள்ள தொழிலில் ஊதிய அறிவிக்கை இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும்: நாளுக்கு எவ்வளவு ரூபாய், நாளுக்கு எவ்வளவு வேலை. ஒன்றை மட்டும் சொல்லும் அறிவிக்கை பாதி அறிவிக்கை.

வேலை போய்விடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். சின்னப் பட்டறைக்காரர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆர்டரின் விலையை இன்று பேசி முடித்துவிட்டு, நாலைந்து மாதம் கழித்துத் தைத்து அனுப்புகிறவருக்கு, நடுவில் திடீரென்று கூலி 30 சதவீதம் ஏறினால் அந்த ஆர்டரில் நஷ்டம்தான். ஆனால் அந்தத் திடீர் ஏற்றம் ஏன் வருகிறது? ஐந்து ஆண்டுக்கு மிகாமல் திருத்த வேண்டும் என்று 1948 சட்டத்திலேயே இருந்தும், தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்குச் சுமார் பத்தாண்டு இடைவெளி விட்டு 2014-இல் திருத்தினார்கள். ஏற்றம் பெரிதாக வந்ததும் ஆலைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்யும்வரை வழக்கு ஓடியது, பிறகு நிலுவைப் பிரச்சினை வேறு. ஆண்டுக்கு 5, 6 சதவீதமாக ஏறியிருந்தால் விலை பேசும்போதே சேர்த்துப் பேசியிருப்பார்கள். தாமதம் முதலாளிக்குச் சாதகம் என்று நினைப்பது தப்பு. தாமதம் அவருக்கும் சேர்த்தே குழி வெட்டுகிறது.

'கொடுக்கக் கட்டுப்படியாகாது' என்பது சட்டத்தின் முன் எடுபடாது. 1957-இல் கிரவுன் அலுமினியம் வழக்கு, 1961-இல் கேரளத்தின் உன்னிச்சோயி வழக்கு, இரண்டிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தி கணக்கில் வராது. அதற்கு மேலே நியாய ஊதியம் பேசும்போதுதான் அது வரும்.

தரைமட்ட ஊதியத்தை உயர்த்துவதில் தமிழ்நாட்டுத் தொழிலதிபர்களுக்கே லாபம் உண்டு, ஏனோ அவர்கள் அதைக் கேட்பதில்லை. இங்கே பெரும்பாலான தொழில்களில் அறிவிக்கப்பட்ட ஊதியம் 178-ஐவிட வெகு மேலே. தரைமட்டம் தாழ்ந்து கிடக்கும்வரை, கூலி குறைந்த மாநிலத்துக்கு ஆர்டர் போகிறது, மில் போகிறது. தரையை உயர்த்தினால் இங்கே செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாது, அங்கே கூடும். முன்பு இந்தத் தரைமட்டம் வெறும் ஆலோசனைதான். மாநிலங்கள் மதிக்காவிட்டாலும் கேட்பாரில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்த மாநிலமும் அதற்குக் கீழே நிர்ணயிக்கக் கூடாது. ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் அதைக் காரணம் காட்டிக் குறைக்கவும் கூடாது.

அந்தத் தொகுப்பில் இன்னும் சில நடைமுறை மாற்றங்கள் உண்டு. பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் என்பது போய், எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அடிப்படை, பஞ்சப்படி தவிர்த்த படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். வீட்டுப்படியை ஊதிக் காட்டிப் பி.எஃப்.-ஐக் குறைக்கும் வித்தைக்கு இது ஒரு கடிவாளம். கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு. கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமையும் முதலாளியுடையது. பழைய அறிவிக்கைகள் புதிய சட்டத்துக்கு முரண்படாத வரை தொடரும். ஆகவே உங்கள் தொழிலுக்கான பழைய அரசாணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எனக்குக் குறையாகப் படுவது தண்டனை. பழைய சட்டத்தில் 500 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. இப்போது முதல் தடவைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் ஒரு லட்சம் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 200 பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு 1,733 ரூபாய் மிச்சம் பிடித்தால் ஒரே மாதத்தில் 3,46,600 ரூபாய் ஆகிறது. இந்தக் கணக்கை முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அபராதத்தைவிட அவரை உறுத்தக்கூடியது, குறைத்துக் கொடுத்த ஊதியத்தைக் கேட்டுத் தொழிலாளி போடும் கேட்பு மனுதான். முன்பு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், இப்போது மூன்று ஆண்டு அவகாசம். மனுவில் வேண்டியவை இவை: உங்கள் தொழிலுக்கான அறிவிக்கை, அந்தந்த ஆண்டின் பஞ்சப்படி ஆணை, சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், நீங்களே தேதிவாரியாக எழுதிய வருகைக் குறிப்பு. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். மஸ்டர் ரோலில் (நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில்) எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கும்; நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் அன்றன்றைக்கே பாக்கெட் டைரியில் எழுதி வைத்திருந்தால் குறுக்கு விசாரணையில் நிற்கும். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரே பேனாவில் எழுதியது நிற்காது. மேலே சொன்ன செக்யூரிட்டிக்கு ஒரு நாள் பாக்கி 500, மாதம் 13,000. ஆறு மாதக் கணக்கில் 78,000. மூன்று ஆண்டுக் கணக்கில் 4,68,000. அதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்க உத்தரவிட, மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு உரிமை உண்டு. மனுவில் கேட்காமல் விட்டால் அவராக நினைத்துப் போடமாட்டார், தனிப் பத்தியாக எழுதிக் கேளுங்கள்.